வியாழனைச் சுற்றும் பெண்கள்

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்குசெய்த உரைத்தொடரில், உயர்தர மாணவிகளுக்கும் பழைய மாணவியருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சங்கத்தினர் இம்முறை, "மருத்துவம் வேண்டாம், பிள்ளைகள் இரவில் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்க்கும்படி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே வானத்திலுள்ள பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நடுவில் எங்கள் தொழிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஞ்ஞானப் பாடநூலில் ஞாயிற்றுத் தொகுதியின் கோள்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி. அதுவரை எல்லாம் எங்கள் பெயர்கள். அடுத்து யுரேனஸ், நெப்டியூன் என்று வந்துவிடும். ஏன் இந்த மாற்றம்? முதலில் சொன்னவற்றில் பூமி தவிர்ந்த ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. ஆதலால் ஒவ்வொரு மக்களும் அவற்றுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்திருந்தார்கள். மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கத் தொலைகாட்டி வேண்டியிருந்தது. தொலைகாட்டி ஐரோப்பாவில் இருந்தது. கண்டவர்கள் தங்கள் கதைகளிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதைகளும் ஒரு வழியாய் வந்தவைதாம். பாபிலோனியர் வெள்ளியை இஷ்தார் என்ற பெண் தெய்வத்துக்கும், வியாழனை மர்துக் என்ற தலைமைத் தெய்வத்துக்கும் உரியனவாகக் கொண்டார்கள். கிரேக்கர் அவற்றுக்கு ஒப்பான தங்கள் தெய்வங்களை வைத்தார்கள். வெள்ளி அப்ரோடைட்டி ஆனது. வியாழன் சியூஸ் ஆனது. ரோமர் அவற்றை வீனஸ் என்றும் யூப்பிட்டர் என்றும் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே இன்று நாங்கள் சொல்லப்போகும் கதைகளில் சியூஸ் என்றாலும் யூப்பிட்டர் என்றாலும் ஒருவரே. ஹீராவும் யூனோவும் அப்படியே, அவருடைய மனைவி.

இதெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத தூரத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் செவ்வாய்க்கிழமைதான் ரோமருக்கும் செவ்வாய்க்குரிய நாள். எங்கள் வியாழக்கிழமைதான் அவர்களுக்கும் யூப்பிட்டரின் நாள். கிழமைகளின் வரிசை ஒன்றே. உங்கள் அம்மாமார் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் சாதகக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். அதிலே வரும் 'ஓரை' என்ற சொல்லும், 'கேந்திரம்' என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து சமஸ்கிருதத்தின் வழியாக எங்களிடம் வந்தவை. உங்கள் கலியாணப் பொருத்தம் பார்க்கும்போதும் ஒரு கிரேக்கர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

இனிப் பெயர் வைப்பதில் நடந்த போட்டியைப் பார்ப்போம். 1610 ஆம் ஆண்டு ஜனவரியில் கலிலியோ தமது தொலைகாட்டியால் வியாழனைப் பார்த்து, அதைச் சுற்றி நான்கு உபகோள்கள் இருப்பதைக் கண்டார். அவற்றுக்கு 'மெடிச்சி விண்மீன்கள்' என்று பெயரிட்டார். மெடிச்சி என்பது அவருடைய ஊரை ஆண்ட குடும்பம். உத்தியோகம் வேண்டியிருந்தது, பெயரைக் கொடுத்தார். 1781 இல் யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் அதற்கு இங்கிலாந்து மன்னர் ஜோர்ஜின் பெயரை வைக்க விரும்பினார். 1801 ஆம் ஆண்டின் முதல் நாளில் சிசிலித் தீவில் சீரிஸ் என்ற சிறிய கோளைக் கண்ட பியாற்சி அதனோடு தமது மன்னர் பேர்டினண்டின் பெயரையும் ஒட்டினார். 1846 இல் நெப்டியூன் இருக்குமிடத்தைக் கணித்துச் சொன்ன லெவரியே அதற்குத் தமது சொந்தப் பெயரையே வைக்க ஆசைப்பட்டார்.

ஒன்றும் நிலைக்கவில்லை. ஒரு நாட்டின் அரசனை மறுநாட்டார் வானத்தில் ஏற்றுக்கொள்வார்களா? ஜோர்ஜின் பெயரைப் பிரான்ஸ் நாட்டவர் சொல்வார்களா? பழங்கதைத் தெய்வங்களுக்கு அப்போது கோயிலும் இல்லை, படையும் இல்லை. ஆதலால் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. கலிலியோவின் நான்கு உபகோள்களுக்கு இன்று வழங்கும் பெயர்களை 1614 இல் சைமன் மாரியுஸ் என்ற ஜேர்மானிய வானியலாளர் வெளியிட்டார். யோசனை கெப்ளருடையது. அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. மூன்று பெண்கள், ஒரு பையன். நால்வரையும் சியூசின் காதலுக்கு உரியவர்கள் என்று சொன்னார்கள். வியாழனின் உபகோள்களுக்கு சியூசின் காதலர்கள் அல்லது சந்ததியினர் பெயர்களை வைப்பதென்பது இன்றைக்கும் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி.

பிள்ளைகளே, இந்தக் 'காதல்' என்ற சொல்லிலேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். அந்த நால்வரின் கதைகளையும் எடுத்துப் படித்தால், காதல் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கிறது.

யூரோப்பா தீர் நகரத்து இளவரசி. கடற்கரையில் தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருந்தாள். சியூஸ் சாதுவான வெள்ளை எருதாக உருமாறி வந்தார். அவள் ஆசையாய் ஏறி உட்கார்ந்ததும் கடலில் பாய்ந்து கிரேக்கத் தீவான கிரீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கனிமீட் ட்ரோய் நகரத்துச் சிறுவன். கழுகு தூக்கிக்கொண்டு போனது. தேவலோகத்தில் மதுக்கிண்ணம் ஏந்தும் வேலை கிடைத்தது.

அயோவின் பெயரை ஆங்கிலத்தில் உச்சரித்தால் எங்கள் காதில் 'ஐயோ' என்றே விழும். அவள் கதைக்கு அது பொருத்தம்தான். அவள் ஹீராவின் கோயிற் பணிப்பெண். சியூஸ் முகிலால் உலகை மூடி மறைத்துக்கொண்டு அவளைப் பலவந்தப்படுத்தினார். மனைவி வந்துவிடுவாள் என்று அஞ்சி அவளைப் பசுக்கன்றாக மாற்றினார். பேச வாய் திறந்தால் கத்தல்தான் வந்தது. சொந்தத் தகப்பன் புல்லைப் பிடுங்கி ஊட்டுகிறார், மகள் என்று தெரியவில்லை. ரோமக் கவிஞர் ஓவிட் இந்தக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதிலே அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? குளம்பால் மண்ணில் தன் பெயரை எழுதுகிறாள். இலத்தீனில் அது இரண்டே எழுத்து, ஒரு கோடும் ஒரு வட்டமும். அதைப் பார்த்துத்தான் தகப்பன் அவளை அடையாளம் கண்டு அழுகிறார்.

கலிஸ்டோவின் கதை இன்னும் கொடியது. ஆர்ட்டெமிஸ் என்ற கன்னித் தெய்வத்தின் தலைமையில் பெண்பிள்ளைகள் ஒரு குழுவாகக் காட்டில் வாழ்ந்தார்கள். வேட்டையாடினார்கள், ஓடினார்கள், சேர்ந்து குளித்தார்கள். கலிஸ்டோ அந்தக் குழுவில் தலைவிக்கு மிகவும் பிடித்த பிள்ளை. சியூஸ் அந்தத் தலைவியின் உருவத்திலேயே வந்தார். நம்பிக்கையான முகம் என்று அவள் ஓடிப்போனாள். தெரிந்துகொண்டபோது தன்னால் இயன்ற மட்டும் போராடினாள். பல மாதங்களுக்குப் பின் எல்லோரும் குளிக்க இறங்கியபோது அவளுடைய வயிறு காட்டிக்கொடுத்தது. என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்ட்டெமிஸ் அவளைக் குழுவைவிட்டுத் துரத்தினாள். பிள்ளை பிறந்ததும் ஹீரா அவளைக் கரடியாக்கினாள். வளர்ந்த மகன் காட்டிலே கரடியைக் கண்டு ஈட்டியை ஓங்கினான். தாய் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. அந்த வேளையில்தான் சியூஸ் இருவரையும் தூக்கி வானத்தில் வைத்தாராம்.

அந்தக் கரடிதான் பெருங்கரடி உடுத்தொகுதி. ஹீராவின் கோபம் அப்போதும் ஆறவில்லை. "அவள் ஒருபோதும் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது" என்று கடல் தெய்வங்களிடம் வரம் வாங்கினாள். இந்தக் கதைக்குள் ஓர் அவதானிப்பு இருக்கிறது. கிரேக்க நாட்டிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெருங்கரடி வடதுருவ விண்மீனைச் சுற்றிக்கொண்டே இருந்தது, அடிவானத்துக்குக் கீழே மறையவில்லை. ஏன் மறைவதில்லை என்பதற்குத்தான் கதை சொன்னார்கள்.

ஆனால் நாங்கள் இருப்பது வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில். எங்களுக்கு வடதுருவ விண்மீனே அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஆகவே பெருங்கரடி இங்கே உதிக்கும், மறையும். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் வடக்கே பார்த்தால் ஏழு விண்மீன்கள் அகப்பை போலத் தெரியும். விடியற்புறம் பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் அவை ஒவ்வொன்றாய் வடமேற்கே கடலில் இறங்குவதைக் காணலாம். ஹீராவின் ஆணை எங்கள் கடலில் செல்லாது. அந்தப் பிள்ளை இங்கே தினமும் குளிக்கிறாள்.

அந்த ஏழையும் எங்கள் பெரியவர்கள் சப்தரிஷி மண்டலம் என்றார்கள். அகப்பைக் காம்பின் நடுவில் இருக்கும் விண்மீன் வசிட்டர். அதனருகே மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பது அருந்ததி. கலியாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அருந்ததி காட்டுவார். அது கற்புக்கு அடையாளம். யோசித்துப் பாருங்கள். வானத்தின் அதே இடத்தில் கிரேக்கர் கற்பிழந்தாள் என்று தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணை வைத்தார்கள். நாங்கள் கற்புக்கு முன்மாதிரியான ஒரு பெண்ணை வைத்தோம். இரண்டு வானத்திலும் பெண்ணைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். கலிஸ்டோவுக்கு அந்தத் தீங்கைச் செய்தவருக்கோ, ஞாயிற்றுத் தொகுதியின் மிகப்பெரிய கோளே கிடைத்திருக்கிறது.

இங்கேதான் எங்கள் தொழில் எட்டிப் பார்க்கிறது. வைத்தியர்களாகிய எங்களிடம் கலிஸ்டோ வருகிறாள். தாயோ ஆச்சியோ வயிற்றுக்குத்து என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். தீங்கு செய்தவன் பெரும்பாலும் தெரியாதவன் அல்ல. அவளுக்கு நம்பிக்கையான முகத்தோடு வந்தவன்தான். விடயம் தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "நீ ஏன் அங்கே போனாய்?" என்பது. இரண்டாவது, "ஏன் கத்தவில்லை?" என்பது. பிள்ளை பதில் சொல்வதில்லை. கதையிலே அயோவுக்கும் கலிஸ்டோவுக்கும் முதலில் பறிபோனது குரல் என்று பழைய கவிஞர் எழுதியதை மிகையென்று நாங்கள் நினைப்பதில்லை. அது எங்கள் வாட்டுகளில் நாங்கள் காண்பதுதான். ஆகவே இந்தப் பெண்களைச் சியூசின் காதலிகள் என்று எழுதும்போது, வானியலில் அது ஒரு வசதியான தலைப்பாக இருக்கலாம். எங்கள் காதில் அது வேறுமாதிரி விழுகிறது.

பெயர்களை மாற்றவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பெயர் இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் இருப்பவளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறோம். அந்தப் பட்டியலில் சினோப்பி என்றொருத்தியும் இருக்கிறாள். அவளிடம் சியூஸ், நீ எதைக் கேட்டாலும் தருவேன் என்று சத்தியம் செய்தார். அவள், "நான் கன்னியாகவே இருக்கவேண்டும்" என்று கேட்டாள். சத்தியம் செய்த தேவர் வாயடைத்துப் போனார். அவள் பெயரைத் தாங்கும் சிறிய உபகோள் 1914 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது வியாழன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. வெளிப்புறத்திலுள்ள சிறிய உபகோள்கள் பலவும் அப்படிச் சுற்றுபவைதாம். ஆனாலும் சினோப்பிக்கு அது பொருந்தியிருக்கிறது என்று எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

இந்தப் பெண்களின் பெயர்கொண்ட உலகங்களைப் பற்றி விஞ்ஞானம் கண்டதையும் சொல்லவேண்டும். 1979 மார்ச்சில் வொயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்த பின் அனுப்பிய ஒரு படத்தை, கலத்தின் பாதையைச் சரிபார்ப்பதற்காக லிண்டா மொராபிட்டோ என்ற பெண் பொறியியலாளர் ஆராய்ந்தார். அயோவின் ஓரத்தில் குடை போல எதுவோ எழும்பியிருந்தது. அது எரிமலை. பூமிக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதற்றடவை. ஒரு பக்கம் வியாழனும், மறுபக்கம் யூரோப்பாவும் கனிமீட்டும் மாறிமாறி இழுப்பதால் அயோவின் உள்ளே உராய்ந்து சூடேறுகிறது. இன்று அங்கே 400 க்கும் மேற்பட்ட எரிமலைகள் அறியப்பட்டிருக்கின்றன. யூரோப்பாவின் பனிக்கட்டி ஓட்டுக்குக் கீழே பூமியின் சமுத்திரங்கள் எல்லாவற்றிலும் உள்ளதைவிட அதிக நீர் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதை ஆராய 2024 ஒக்டோபரில் ஒரு விண்கலம் புறப்பட்டது. 2030 இல் போய்ச் சேரும். கனிமீட் 5,268 கிலோமீற்றர் விட்டமுடையது, புதன் கோளைவிடப் பெரியது.

2016 ஜூலை முதல் வியாழனைச் சுற்றிவரத் தொடங்கிய விண்கலத்துக்கு நாசா நிறுவனம் வைத்த பெயர் யூனோ. கணவன் முகிலால் மூடி மறைத்ததை ஊடுருவிப் பார்த்தவள் அவள். வியாழனின் முகில்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கலத்தின் வேலை. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது.

அடுத்ததாக ஒரு தாயும் மகளும். சீரிஸ் என்று முன்னே சொன்னோமே, அது கிரேக்கரின் டிமிட்டர், பயிர்விளைவின் தாய். காலையில் சிலர் பாலில் போட்டுச் சாப்பிடும் 'சீரியல்' அவள் பெயரிலிருந்து வந்த சொல். அவளுடைய ஒரே மகள் பேர்சிபொனி. ரோமர் புரொசர்பினா என்பார்கள். பூப்பறித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பாதாள அரசன் புளூட்டோ தேரில் கொண்டுபோய்விட்டான். தாய் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஊரூராகத் தேடினாள். கண்டவர்கள் சொல்லவில்லை. கடைசியில், "என் பிள்ளை வரும்வரை ஒரு நெல்மணியும் முளைக்காது" என்று இருந்துவிட்டாள். பசி வந்த பின்தான் தேவர்கள் அசைந்தார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடி, கதவு கதவாகப் போய்க் கேட்கும் தாயை இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவருக்கும் நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

வானத்தில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். சீரிஸ் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் வலயத்தில் இருக்கிறது. 1853 இல் கண்டுபிடிக்கப்பட்ட புரொசர்பினா என்ற சிறுகோளும் அதே வலயத்தில்தான் சுற்றுகிறது. புளூட்டோ நெப்டியூனுக்கும் அப்பால், குளிரில். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, தற்செயல். இருந்தாலும் தாயும் மகளும் ஒரு வலயத்திலும், கொண்டுபோனவன் தூரத்திலும் இருக்கிறார்கள்.

புளூட்டோவுக்குப் பெயர் வைத்தது ஒரு பாடசாலைப் பிள்ளை. 1930 பெப்ரவரி 18 ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனாவில் கிளைட் டொம்போ அந்தக் கோளைக் கண்டுபிடித்தார். மார்ச் 14 ஆம் திகதி காலை ஒக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டில் காலைச் சாப்பாட்டு மேசையில் பத்திரிகைச் செய்தி வாசிக்கப்பட்டது. வெனிஷியா பேர்னி என்ற 11 வயதுப் பிள்ளை, "அதற்குப் புளூட்டோ என்று பெயர் வைக்கலாமே" என்றாள். இருண்ட தூரத்து உலகத்துக்குப் பாதாள அரசன். அவளுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. கோள்களின் தூரமும் தெரிந்திருந்தது. பாடசாலையில் களிமண் உருண்டைகளைப் பூங்காவில் உரிய இடைவெளிகளில் வைத்துக் கோள்களின் தூரத்தை விளையாட்டாகப் படித்தவள் அவள்.

இனிக் கவனியுங்கள். அவளுடைய அம்மப்பா ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். "சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும், பாணைச் சாப்பிடு" என்று அவர் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த வானியல் பேராசிரியரிடம் கொண்டுபோய்ச் சொன்னார். பேராசிரியர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்த வானியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் முதலாம் திகதி பெயர் அறிவிக்கப்பட்டது. அம்மப்பா பேத்திக்கு ஐந்து பவுண் பரிசு கொடுத்தார். அவள் பின்னர் ஆசிரியையாகிக் கணிதமும் பொருளியலும் கற்பித்தாள். 2006 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குள்ளக் கோள்களின் வரிசையில் சேர்த்தது. சீரிசும் அதே நாளில் அந்த வரிசைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்ட விண்கலத்தில், மாணவர்கள் செய்த ஒரு தூசு அளவுகருவி இருந்தது. அதற்கு வெனிஷியாவின் பெயரை வைத்தார்கள். கலம் 2015 இல் புளூட்டோவை அடைந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை, 2009 இல் 90 வயதில் காலமானார்.

கலிஸ்டோவையும் வெனிஷியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இருவரும் பெண்பிள்ளைகள். ஒருத்தியை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மற்றவள் சொன்ன ஒரு சொல்லை ஒரு பெரியவர் காதுகொடுத்துக் கேட்டு, உரிய இடத்துக்குக் கொண்டுபோனார்.

வானத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட பெண்ணும் ஒருத்தி இருக்கிறாள். அந்திரொமெடா. தாயின் வாய்க்கொழுப்புக்குத் தண்டனையாக மகளைப் பாறையில் பிணைத்தார்கள். தகப்பன் சீபியஸ் அரசன் சம்மதித்தான். இருவருடைய உடுத்தொகுதிகளும் அருகருகே உள்ளன. சீபியஸ் தொகுதியில் ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன் உண்டு, அந்த வகைக்கே 'சீபியிட்' என்று பெயர். அமெரிக்காவின் ஹாவர்ட் வானாய்வகத்தில் சொற்பச் சம்பளத்துக்குப் படத் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்த ஹென்றியேட்டா லெவிட் என்ற பெண், அத்தகைய விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை 1912 இல் காட்டினார். அவருக்குக் காது கேட்பது குறைவு. அந்த விதியைக் கொண்டுதான் 1923 இல் ஹபிள், அந்திரொமெடாவில் தெரிந்த புகைப்படலம் எங்கள் பால்வழிக்கு வெளியேயுள்ள வேறொரு விண்மீன் பேரடை என்று கண்டார். இன்று அதன் தூரம் 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்கிறோம். தகப்பன் கைவிட்ட மகளின் தூரத்தை அளக்க, தகப்பன் பெயரிலுள்ள விண்மீனையே அளவுகோலாக்கிக் கொடுத்தவர் ஒரு பெண். அதே அந்திரொமெடா எப்படிச் சுழல்கிறது என்று 1970 இல் அளந்து, கண்ணுக்குத் தெரியாத திணிவு பற்றிய ஆராய்ச்சிக்கு வழிவிட்டவர்களில் ஒருவர் வேரா ரூபின். பெண் என்பதால் ஒரு பல்கலைக்கழகப் பட்டப்பின் படிப்புக்கு அவர் சேர முடியவில்லை. இன்று சிலி நாட்டின் பெரிய வானாய்வகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளிக் கோளிலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அங்குள்ள மலை, பள்ளம் எல்லாவற்றுக்கும், ஒரு சில விலக்குகள் தவிர, பெண்களின் பெயர்களே வைக்கப்படுகின்றன. அப்ரோடைட்டிப் பெருநிலம் இருக்கிறது. இலக்குமி பீடபூமியும் இருக்கிறது. ஜோஷி என்றொரு பள்ளமும் இருக்கிறது. அது ஆனந்திபாய் ஜோஷியின் பெயர். ஒன்பது வயதில் மணம் முடித்துவைக்கப்பட்டு, பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்து நாளில் பறிகொடுத்து, பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று அமெரிக்கா சென்று, 1886 இல் வைத்தியப் பட்டம் பெற்ற இந்தியப் பெண். மறு ஆண்டு 21 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். நோயாளிகளைப் பார்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. சாயந்தரம் மேற்கே வெள்ளி தெரியும்போது எங்களுக்கு அவருடைய நினைவு வரும்.

2019 இல் சர்வதேச வானியல் ஒன்றியமும் எங்கள் கல்லூரியைப் போல ஒரு நூற்றாண்டு கொண்டாடியது. அப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் தூரத்து விண்மீன் ஒன்றுக்கும் அதைச் சுற்றும் கோளுக்கும் பெயர்வைக்கும் வாய்ப்பைக் கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்த விண்மீன் 'சாமய', கோள் 'சமகிய'. சிங்களத்தில் முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை. நல்ல பெயர்கள். விண்மீனுக்கு வைத்தாயிற்று, நிலத்தில் செய்யவேண்டியது மிச்சமிருக்கிறது.

கடைசியாக மாணவிகளுக்கு ஒன்றும் சங்கத்துக்கு ஒன்றும் சொல்லி முடிக்கிறோம்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது அயோவின் நிலை வந்தால், வாய் எழும்பவில்லை என்றால், எழுதுங்கள். இந்தக் கல்லூரி உங்களுக்கு எழுத்தைத் தந்திருக்கிறது. நம்பக்கூடிய ஓர் ஆசிரியையின் மேசையில் ஒரு துண்டை வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எங்களைப் போன்ற ஒரு வைத்தியரிடம் வாருங்கள், நாங்கள் முதலில் கேட்கப்போவது "ஏன் போனாய்?" என்பதல்ல.

சங்கத்தின் சகோதரிகளே, இந்த நூற்றாண்டு மலரில் பரிசு பெற்றவர்கள், பட்டம் பெற்றவர்கள், பதவி வகித்தவர்கள் எல்லோரின் பெயர்களும் வரும், வரவேண்டும். எங்கள் ஒவ்வொருவரின் வகுப்பிலும் இடையிலே வராமற்போன ஒரு பிள்ளை இருந்தாள் அல்லவா? ஏன் நின்றாள் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்காத வயது. பெண்பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் எந்த இடத்துக்கும் ஆர்ட்டெமிசின் பழக்கம் வந்துவிடக்கூடும். ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைக் குழுவின் மானமாக எண்ணி, அவளை மெல்ல வெளியே விட்டுவிடும் பழக்கம் அது. இத்தனைக்கும் கிரேக்கர் ஆர்ட்டெமிசைத்தான் பிள்ளைப்பேற்றில் பெண்களுக்குத் துணைநிற்கும் தெய்வமாகவும் வணங்கினார்கள். துரத்தியவளும் அவளே, துணைநிற்க வேண்டியவளும் அவளே.

நின்றுபோன அந்தத் தோழிகளை ஒவ்வொரு வகுப்பினரும் தேடிப் பார்ப்போம். பலர் இதே ஊரில், நாங்கள் போய்வரும் சந்தையிலும் பஸ்ஸிலும்தான் இருக்கிறார்கள். சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் கல்வித் தகைமை கேட்கும் இடம் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே ஒரு நாள் படித்தவளும் எங்கள் பழைய மாணவிதான். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.